கயிறு தேய்த்த இடம்

1

ஞாயிறு காலை. மேசைமேல் பழைய வேட்டியை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறேன். பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கிவிடும் அலுமினியத் துண்டுகள். பாறை ஏறுபவர் கால் தவறினால், அவர் கயிற்றைக் கீழே நிற்பவர் நிறுத்திப் பிடிக்க உதவும் பிலே கருவிகள்.

வரிசையில் முதல் இடத்தைக் காலியாக விடுகிறேன். அது கருவியே இல்லாத காலத்துக்கு. அப்போது கயிற்றை இடுப்பைச் சுற்றிப் போட்டு, தன் உடம்பையே தடையாக்கி நின்றார்கள். விழுபவரின் பாரம் காப்பவரின் முதுகிலும் உள்ளங்கையிலும் இறங்கும். தோலுறை போடாத கை வெந்துபோகும்.

2

அடுத்தது ஸ்டிக்ட் தட்டு. ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஸ்டிக்ட் வடிவமைத்தது. 1970-ஐ ஒட்டி சலேவா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வட்டத் தகடு, இரண்டு நீள்துளை. கயிற்றை மடித்துத் துளையில் நுழைத்து, மறுபக்கம் வரும் மடிப்பைத் திறந்து மூடும் உலோக வளையமான காரபைனரில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான். என்னிடம் உள்ளதில் ஒரு சுருள்வில்லும் உண்டு. தட்டு காரபைனரோடு ஒட்டிக் கயிறு இறுகிவிடாமல் தள்ளி நிறுத்துவதற்காக. விரலால் அழுத்துகிறேன். இன்னும் திமிறுகிறது.

3

படகுத்துறையில் பார்த்திருக்கிறேன். கயிற்றைக் கட்டையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டால், சிறுவன்கூடப் பெரிய படகைப் பிடித்து நிறுத்துவான். ஒவ்வொரு சுற்றும் அவன் பிடியைப் பல மடங்காகப் பெருக்குகிறது. 18-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் எழுதிய கணக்கு இது. பிலே கருவிகளுக்குள் நடப்பதும் இதே பெருக்கல்தான்.

பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யம். கை விட்டுவிட்டால் தட்டுக்குப் பெருக்க ஒன்றும் இல்லை.

4

உத்தரத்தில் கொக்கி மாட்டி, மணல் மூட்டையைத் தொங்கவிட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். 11 மி.மீ. கயிற்றில் தட்டு வெடுக்கென்று பிடிக்கிறது; அவசரமாகக் கயிறு விட்டால் சிக்கிக்கொள்கிறது. 1990-களில் வந்த, பிளாக் டைமண்ட் நிறுவனத்தின் ஏடிசி என்ற கருவி குழாய் வடிவம். அதில் கயிறு வழுக்கிக்கொண்டு போகிறது.

பிறகு 9.5 மி.மீ. கயிறு. அதே தட்டு, அதே மூட்டை. கயிறு நழுவுகிறது, இரண்டு மடங்கு இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தட்டு கெட்டுவிடவில்லை; தடித்த கயிறுகளின் காலத்துக்குப் பிறந்தது அது. ஒரு கருவியை அதன் காலத்துக் கயிற்றோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். இவற்றில் எதையும் நான் பாறைக்குக் கொண்டுபோவதில்லை.

5

நடுவில் இன்னொரு காலி இடம். ஸ்விட்சர்லாந்தின் வெர்னர் முன்டர் பரப்பிய முடிச்சு அங்கே இருக்கிறது. பேரிக்காய் வடிவக் காரபைனர் ஒன்று போதும். கயிறு தன்மேலேயே உரசி நிற்கும். தட்டைத் தவறவிட்டவர்களை எத்தனையோ முறை கரைசேர்த்த முடிச்சு.

6

கடைசியில் கிரிகிரி. பெட்ஸல் நிறுவனம், 1991. கயிறு சடாரென்று இழுபட்டால் உள்ளே ஒரு கட்டை சுழன்று நசுக்கிப் பிடிக்கும். பெயர் மேற்கு ஆப்பிரிக்கத் தாயத்திலிருந்து வந்தது. இவ்வளவு செய்த பிறகும், கயிற்றிலிருந்து கையை எடுக்காதே என்றுதான் செய்தவர்களே சொல்கிறார்கள். தாயத்துக் கட்டியவரும் பாதை பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

7

தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறேன். துளையின் விளிம்பில் சாயம் போய், உலோகம் வெள்ளிபோல் மின்னுகிறது. அங்கே ஒரு பள்ளம். நடுவில் இல்லை, வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இதை வைத்திருந்தவர் வலக்கைக்காரராக இருக்க வேண்டும். யாரென்று தெரியாது. எத்தனையோ மாலைகள் யாரோ ஒருவரை மெல்ல மெல்லத் தரையில் இறக்கியிருக்கிறார். அந்தக் கை விடாமல் இருந்ததற்கு இந்தப் பள்ளம்தான் சாட்சி.

மெருகேற்றினால் புதிதுபோல் ஆகிவிடும். பள்ளமும் மழுங்கிவிடும். ஈரத்துணியால் மட்டும் துடைத்து, வேட்டியோடு சுருட்டி வைக்கிறேன்.