துண்டு யார் கையில்?

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் பங்குத்தந்தை இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். கத்தோலிக்கத் திருச்சபையின் விதிப்படி 2016 வரை அந்தப் பன்னிரண்டு பேரும் ஆண்களாகவே இருக்க வேண்டும். அந்த ஆண்டு ஜனவரியில்தான் திருத்தந்தை பிரான்சிஸ் விதியை மாற்றிப் பெண்களுக்கும் இடம் தந்தார். பாதம் நீட்டி உட்காரும் இடத்துக்குப் பெண் வந்துசேர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. கழுவித் துடைக்கும் வேலை மட்டும் எல்லா வீட்டிலும் எப்போதும் அவளுடையதுதான்.

அன்பு வெறும் உணர்ச்சி அல்ல, அன்றாடப் பயிற்சி என்கிறது கிறிஸ்தவம். அதை நான் நம்புகிறேன். படுக்கையில் கிடக்கும் மாமியாரை நடு இரவில் எழுந்து புரட்டிப் படுக்க வைப்பது, செபமாலை சொல்வதைவிடக் குறைந்த செபம் அல்ல. ஆனால் தன்னைத் தாழ்த்திக்கொள்வதுதான் அன்பு என்றால், ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவள் எதைத் தாழ்த்துவாள்?

வலேரி சேவிங் என்ற அமெரிக்க இறையியலாளர் 1960இல் எழுதிய கட்டுரையில் இந்த இடத்தைத்தான் தொட்டார். ஆணவமே பாவத்தின் வேர், தன்னலம் துறப்பதே மருந்து என்று இறையியல் சொல்லிவந்தது. அது ஆண்களின் அனுபவத்திலிருந்து பிறந்த பேச்சு என்றார் அவர். பிறருக்காகவே கரைந்து கரைந்து, தனக்கென்று ஒரு 'தான்' இல்லாமல் போவதுதான் பெண்ணுக்கு நேரும் சோதனை. அவளுக்கு மேலும் துறவைப் போதிப்பது நோய்க்கு நோயையே மருந்தாகக் கொடுப்பது.

யோவான் நற்செய்தியை இந்தக் கண்ணோடு படிக்கிறேன். போதகராயிருந்த இயேசு வேலைக்காரரின் துண்டை எடுத்தார். அவரிடம் இறக்கிவைக்க ஓர் உயர்ந்த இடம் இருந்தது. அதனால்தான் அந்தச் செயலுக்கு அர்த்தம். அதற்கு முந்தைய அதிகாரத்தில் பெத்தானியா மரியா அவர் பாதங்களில் நறுமணத் தைலம் பூசித் தன் கூந்தலால் துடைக்கிறாள். அவர் கழுவுவதற்கு முன்பே, ஒரு பெண்ணிடமிருந்து பெற்றுக்கொண்டவர். தன் பாதங்களைக் கழுவக் கூடாது என்று பேதுரு மறுத்தபோது அவர் விடவில்லை. கொடுப்பதைப் போலவே பெற்றுக்கொள்வதும் அன்பில் பாதி.

அப்படியானால் மாமியாரை யார் புரட்டுவது? நியாயம் வரும்வரை அவர் உடம்பு காத்திருக்காது. நான் எழுந்துதான் ஆக வேண்டும், எழுவேன். ஆனால் பக்கத்து அறையில் அவர் மகன் நிம்மதியாகத் தூங்குவதற்கு 'என் தியாகம்' என்று பெயர் வைக்க மாட்டேன். அவரையும் எழுப்புவேன். அவருக்கும் அன்பைப் பழக உரிமை உண்டு.

அடிவாங்கும் பெண்ணிடம் 'சிலுவை என்று நினைத்துச் சுமந்துகொள்' என்பவர்களிடமும் இதையே சொல்வேன். இயேசு தம் சிலுவையைத் தாமே ஏற்றார். இன்னொருவர் தோளில் அதைத் தூக்கி வைத்தவர்கள் ரோமப் படைவீரர்கள்.

இரவில் ஆன்ம சோதனை செய்யும்போது இப்போது மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். இன்று யாருக்குக் கொடுத்தேன்? யாரிடமிருந்து பெற்றேன்? கொடுத்ததை நானாகக் கொடுத்தேனா, பிடுங்கப்பட்டதா? தன்னை நேசிப்பதுபோல் அயலாரை நேசி என்ற கட்டளையில் அளவுகோலே 'தன்னை' என்பதுதான். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத நாள்களில், மறுநாள் காலை வீட்டில் ஒரு வேலையையாவது வேறொருவர் கையில் கொடுக்கிறேன்.