மனவுறுதி யாருடைய பொறுப்பு?

மெய்வல்லுநர் போட்டிகள் நடக்கும் மாதங்களில் எங்கள் வடமராட்சிப் பாடசாலைகளில் அடிக்கடி காதில் விழும் சொல் 'மனவுறுதி'. ஓடுகிற பிள்ளைக்கு அது வேண்டும் என்கிறோம். தோற்றுவிட்டால் அது போதவில்லை என்கிறோம். காலுக்குப் பயிற்சி கொடுப்பது ஆசிரியரின் கடமை, மனத்தைத் திடப்படுத்துவது பிள்ளையின் சொந்த வேலை என்பது போன்ற ஒரு பாகப்பிரிவினை நம் பேச்சில் இருக்கிறது. இது நியாயமானதுதானா?

பருத்தித்துறைக் கரையிலிருந்து பாக்கு நீரிணையைக் கடந்தால் வருவது தமிழ்நாடு. அங்கே புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கற்சூளையில் கூலிவேலை செய்த பெற்றோருக்குப் பிறந்தவர் சாந்தி சௌந்திரராஜன். ஓடக் கற்றுக்கொடுத்தவர் பாட்டனார். 2006 டிசம்பரில் டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றர் ஓட்டத்தில் சாந்தி வெள்ளிப் பதக்கம் வென்றார். அடுத்து நடந்தது பால் பரிசோதனை. மூடிய அறையில், அவருடைய மொழியில், பக்குவமாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டிய அதன் முடிவு உலகச் செய்தியாக ஓடியது. பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் மருந்து உட்கொண்டார் என்று எவரும் சொல்லவில்லை. பிறவியில் அமைந்த உடலியல்பே குற்றமாயிற்று. 2007இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார், நல்லவேளையாகப் பிழைத்தார்.

இவரை மனவுறுதி இல்லாதவர் என்று எவராவது சொல்வார்களா? வறுமையையும் சாதியையும் தாண்டி ஆசியாவின் இரண்டாம் இடம்வரை ஓடியவர் அவர். உறுதி அவரிடம் வேண்டியமட்டும் இருந்தது. பக்கத்தில் நிற்க ஆள்தான் இல்லை. தமிழ்நாடு அரசு பதினைந்து இலட்சம் ரூபா வழங்கியது; அதை நன்றியோடுதான் சொல்ல வேண்டும். அந்தப் பணத்தைக் கொண்டும் அவர் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தந்தார். ஆனால் 2012இல் அவர் மீண்டும் செங்கற்சூளையில் கூலிக்கு நிற்பதைப் பத்திரிகைகள் எழுதின. பணம் கொடுப்பதும் கூட நிற்பதும் ஒன்றல்ல.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2009 ஓகஸ்டில், பெர்லினில் அதே 800 மீற்றரில் தென்னாபிரிக்காவின் காஸ்டர் செமன்யா தங்கம் வென்றார். வயது பதினெட்டு. அவரையும் அதே வகைச் சோதனை துரத்தியது. அவருடைய அந்தரங்கமும் பத்திரிகைகளில் சிதறியது. ஆனால் ஜோஹன்னஸ்பேர்க் விமான நிலையத்தில் அவருக்காகப் பெருங்கூட்டம் காத்திருந்தது. "இவள் எங்கள் பிள்ளை" என்று ஒரு நாடே சொன்னது. அங்கும் எல்லாம் சுத்தமாக நடந்ததென்று நான் சொல்ல வரவில்லை. பெர்லினுக்கு முன்னரே அவரைச் சோதித்துவிட்டு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று பொய் சொன்னவர் அந்நாட்டு மெய்வல்லுநர் சங்கத்தின் தலைவரேதான். ஆயினும் செமன்யா 2010இல் களத்துக்குத் திரும்பினார்; 2016இல் ஒலிம்பிக் தங்கமும் வென்றார். 2019இல் புதிய விதிகள் அவரது 800 மீற்றர் ஓட்டத்தை மறித்தபோது வழக்காடும் தெம்பு அவரிடம் இருந்தது. அந்தத் தெம்பில் ஒரு பங்கு விமான நிலையத்தில் நின்றவர்களுடையது என்றே நான் நினைக்கிறேன்.

"எங்கட பிள்ளை" என்ற சொல்லை நாமும் தாராளமாகச் சொல்கிறோம். வென்ற அன்று அந்தப் புகழில் ஊருக்குப் பங்கு, பாடசாலைக்குப் பங்கு, பதாகை அடித்த சங்கத்துக்கும் பங்கு. விழுந்த அன்று மட்டும் அது 'அவளுடைய பிரச்சினை' ஆகிவிடுகிறது. இலாபத்தில் கூட்டும் நட்டத்தில் தனியும் என்றால், கடைத்தெருவில் அந்த வியாபாரத்துக்கு என்ன பெயர் வைப்பார்கள்?

எதிர்பார்ப்பே கூடாதா என்று கேட்கலாம். எதிர்பார்ப்பு இல்லாவிட்டால் எந்தப் பிள்ளை விடியற்காலையில் எழுந்து ஓடும்? உண்மைதான். ஆனால் எதிர்பார்ப்பு ஒரே வகையானதல்ல. சாந்தியின் பாட்டனார் வைத்த நம்பிக்கை பதக்கத்துக்கு முந்தியது. பேத்தி ஓடுவதே அதற்குப் போதுமாயிருந்திருக்கும். பதாகையின் நம்பிக்கை பதக்கத்துக்குப் பிறகு பிறப்பது. 2021இல் டோக்கியோவில் சிமோன் பைல்ஸ், மனம் ஒத்துழைக்கவில்லை என்று போட்டியிலிருந்து விலகியபோது அவரை வைதவர்கள் இந்த இரண்டாம் வகையினர்.

சாந்தி பின்னர் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்றுநர் கல்வி பெற்றுத் தமிழ்நாட்டில் அரசுப் பயிற்சியாளரானார். வாழ்க்கையை அவர் மீட்டெடுத்துக்கொண்டார் என்பதற்காக நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

போருக்குப் பின் உளவளத்துணை என்ற சொல் எங்கள் பகுதிக்குப் பழகிப்போனது. பரீட்சைக்குப் பயப்படும் பிள்ளைக்கும் அதை நாடுகிறோம். அகில இலங்கைப் போட்டிக்குக் கொழும்புக்குப் போய், எதுவும் இல்லாமல் இரவுப் பேருந்தில் திரும்பும் பிள்ளைக்கு ஏன் நாடுவதில்லை? அணியோடு போகிறவர்களின் பட்டியலில் ஓட்டத்தைப் பற்றி எதுவும் பேசாத ஒரு ஆசிரியையின் பெயரையும் சேர்க்கலாம். பிள்ளை பேருந்தைவிட்டு இறங்கும் இடத்தில், மாலை இல்லாவிட்டாலும், அதிபர் வந்து நிற்கலாம்.