நோக்கும் நோக்கமும்

1940ஆம் ஆண்டில் பிரான்சு வீழ்ந்தபின், அடுத்த படையெடுப்பு தன்மீதுதான் என இங்கிலாந்து அஞ்சியது. தளபதி அயர்ன்சைடு வகுத்த காப்புத் திட்டப்படி, டாங்கிகளைத் தடுக்கும் நீண்ட அகழிகள் வயல்களினூடே வெட்டப்பட்டன. செருமானிய வேவு விமானங்களோ, எங்கே காவல் உண்டு, எங்கே தாக்கலாம் என்றறிய அந்நாட்டை வானிலிருந்து படமெடுத்தன.

படையெடுப்பு நிகழவில்லை. அகழிகள் தூர்க்கப்பட்டுப் பயிர் விளைந்தது. வரப்பில் நிற்பவன் கண்ணுக்கு அங்கே ஒன்றுமில்லை. எனினும், தூர்த்த அகழியின் ஆழமான மண் ஈரத்தை நெடுநாள் தேக்கி வைக்கும். மழை பொய்த்த கோடையில் சுற்றுப் பயிர் வெளிறும்போது, அதன்மேல் நிற்கும் பயிர் மட்டும் பசுமை மாறாது ஓங்கி நிற்கும். வானிலிருந்து நோக்குவார்க்கு அது ஒரு பச்சைக் கோடு. 2018ஆம் ஆண்டு வறட்சியில், மண்ணுள் மறைந்த பல காலத் தடங்கள் பிரிட்டனில் இவ்வாறே வெளிப்பட்டன. தடத்தின் வடிவமும் பேசும். மடிந்து மடிந்து செல்வது வீரர் பதுங்கிய குழி. ஒரு குண்டு அதன் நெடுகிலும் உயிர் குடிக்காதிருக்கவே அவ்வாறு வெட்டினர். அகன்று நீள்வது டாங்கித் தடுப்பு அகழி. ஐயம் எழுமாயின், போர்க்காலப் படங்களோடு ஒப்பிட்டுத் தெளிவர்.

இங்கேதான் அறவினா எழுகிறது. போரின் முடிவில் நேச நாடுகளிடம் சிக்கிய செருமானியப் படங்களும் இன்று இவ்வாய்வுக்குத் துணைபுரிகின்றன. அழிக்க எடுத்த படம் வரலாற்றைக் காக்க உதவுகிறது. அப்படியாயின், அறிவு என்பது நன்மை தீமைக்கு அப்பாற்பட்ட வெறுங்கருவிதானா?

ஆம் என்பார் பலர். கத்தி கனியையும் நறுக்கும், கழுத்தையும் அறுக்கும். குற்றம் கத்தியினுடையதன்று என்பர். முதல் உலகப் போரில் வேவு விமானத்தில் பணியாற்றிய கிராஃபோர்டு, அக்கலையையே தொல்லியலுக்குத் திருப்பி, கெய்லருடன் இணைந்து வெசெக்சு வட்டாரத்து வான்படங்களை 1928இல் நூலாக்கியதையும் சான்று காட்டுவர்.

ஆயினும், கத்தி எதையும் தேடுவதில்லை, கண் தேடுகிறது. அதே கோட்டில் ஒருவன் தாக்கும் இலக்கைக் கண்டான். மற்றொருவன் அஞ்சிய மக்களின் உழைப்பைக் கண்டான். தேடத் தொடங்கும்போதே நோக்கமும் உடன் வந்துவிடுகிறது. போர்க்களத்தில் பிறந்தது என்பதற்காக ஓர் அறிவை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால், ‘கண்டதைச் சொன்னேன், அவ்வளவே’ என்று கண்டவன் கைகழுவிவிடவும் இயலாது. பார்வைக்கு ‘நோக்கு’ என்றும் குறிக்கோளுக்கு ‘நோக்கம்’ என்றும் ஒரே வேரிலிருந்து பெயர் தந்தது தமிழ். பார்க்கக் கற்பிப்போர், எதற்காகப் பார்ப்பது என்பதையும் சேர்த்தே கற்பித்தல் கடனன்றோ!