வீரியம் குன்றுவதில்லை



"அவாவை அடக்கு என்று அறம் கூறுகிறது, இலட்சியத்தைக் கைவிடாதே என்று உலகம் கூறுகிறது. எதைக் கேட்பது?" என்று நம் வீட்டுப் பிள்ளைகள் வினவுகின்றனர். நியாயமான வினா இது. விடை கூறுவது மூத்தோராகிய நம் கடமை.

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று மிகுபொருள் விரும்பாமை. அளவுக்கு மேல் சேர்த்து வைக்கும் பற்றையே அது விலக்குகிறது. ஒரு கலையைக் கற்க வேண்டும், ஒரு நற்பணியை முடிக்க வேண்டும் என்னும் முயற்சியை அது விலக்கவில்லை. நாம் விரும்புவது கைகூடினால் பெட்டி மட்டும் நிறையுமா, அல்லது நம் அறிவும் பிறர் நலமும் வளருமா என்று ஆராய்வோமாக. வளரும் எனில் அதனைக் குற்ற உணர்வின்றி மேற்கொள்ளலாம்.

ஆயினும் தொடங்கியவர் பலர் இடையில் தளர்ந்து விடுகின்றனர். "எனக்கு அவ்வளவு ஊக்கம் இல்லை" என்பர். நம் ஆகமம் இதனை ஒப்புவதில்லை. கடையிலா அறிவு, கடையிலாக் காட்சி, கடையிலா இன்பம், கடையிலா வீரியம் ஆகியன ஒவ்வோர் உயிருக்கும் இயல்பாகிய குணங்கள். அந்த வீரியத்தை மறைப்பது வீரியாந்தராயம் என்னும் வினை. ஆகவே சோர்வு என்பது ஆற்றல் இல்லாமை அன்று. ஆற்றலின்மேல் படிந்த மறைப்பு. நம் நெல்வயல் நாட்டில் இதற்கு உவமை தேட வேண்டுவதில்லை. உமிக்குள் அரிசி உண்டு. ஆனால் ஒரே குத்தில் உமி நீங்குவதில்லை. உலக்கை பலமுறை விழ வேண்டும். ஊக்கம் வந்த பின் தொடங்குவோம் என்று காத்திருப்பவர், அரிசி தானே வெளிவரட்டும் என்று உரலருகே அமர்ந்திருப்பவரை ஒப்பர்.

இதற்குச் சான்றாக உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவரும் 1855-ஆம் ஆண்டு பிறந்தவருமான டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வாழ்வைக் கூறலாம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற அவர், 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்தீர் என்று முதலியார் கேட்டார். அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் கோவைகளுமாக ஐயர் அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றே வினவினார். ஐயர் அதனைப் படித்ததில்லை. பின்னர் முதலியாரே ஒரு பிரதியைத் தந்தார்.

நூல் கைக்கு வந்தும் பொருள் கைக்கு வரவில்லை. திருத்தக்கதேவர் ஆண்ட சமயச் சொற்கள் ஐயருக்கு விளங்கவில்லை. தாம் கல்லூரி ஆசிரியர் என்று எண்ணி அவர் வாளா இருந்துவிடவில்லை. கும்பகோணத்தில் ஜைனர்கள் வாழ்வதை அறிந்து, சந்திரநாத செட்டியாரின் இல்லத்தை நாடிச் சென்றார். அன்று அவ்வில்லம் விழாக்கோலம் பூண்டிருந்தது. காரணம் கேட்டபோது, சிந்தாமணியைப் படித்து முடித்த நாள் அது என்று அறிந்தார். எந்த நூல் தமக்குப் புரியவில்லையோ, அதனையே அவ்வீட்டார் வழிபாடு போல ஓதி வந்தனர்! செட்டியாரும் வீடூர் அப்பாசாமி நயினாரும் கூறிய விளக்கங்களை ஐயர் மாணவர்போல் இருந்து கேட்டார்.

அதன்பின் ஏட்டுச்சுவடிகளைத் தேடினார், பாடங்களை ஒப்பிட்டார், நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எந்நூல்களைச் சேர்ந்தவை என்று ஆராய்ந்தார். சைன நூலை இவர் பதிப்பதேன் என்று முகம் சுளித்தோரும் இருந்தனர். அச்சுக்குப் பணமும் போதவில்லை. கல்லூரிப் பணியையும் விடவில்லை. ஏழாண்டுகளுக்குப் பின், 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. அவ்வுழைப்பே அடுத்த வழிகளைத் திறந்தது: 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. முதல் நாளிலேயே இத்தனையும் அவர் கண்முன் தோன்றியிருக்குமா? கையில் இருந்த ஒரு நூல் விளங்க வேண்டும் என்பதே அன்றைய கவலை.

இவ்வரலாற்றில் நாம் மறந்துவிடும் மற்றொரு பகுதி உண்டு. ஐயர் கதவைத் தட்டியபோது அக்குடும்பத்தார், "இஃது எங்கள் நூல், உமக்கெதற்கு?" என்று திருப்பி அனுப்பவில்லை. பிறர் முயற்சிக்கு இடையூறு செய்தால் நமக்கே அந்தராய வினை வந்து சேரும் என்று தத்துவார்த்த சூத்திரம் உணர்த்துகிறது. நம் இல்லங்களில் இது நடைபெறாமலா இருக்கிறது? மேலே படிக்க விரும்பும் மருமகளிடம், "அடுப்படியைப் பார், அது போதும்" என்கிறோம். அறுபது வயதில் வடமொழி எழுத்துப் பயில விழையும் மாமியாரைக் கண்டு பேரப்பிள்ளைகள் நகைக்கின்றனர். சொல்லால் கொல்லாமையைப் போற்றும் நாம், சொல்லால் ஒருவர் ஊக்கத்தைக் கொல்வதை மட்டும் எளிதாக எண்ணலாமா?

நம் பேராவூரணிப் பகுதி மக்களுக்கு விடாமுயற்சி ஏட்டுச் செய்தி அன்று. 2018 நவம்பர் 16-ஆம் நாள் வீசிய கஜா புயலில், தலைமுறை தலைமுறையாக வளர்த்த தென்னைகள் ஓரிரவில் சாய்ந்தன. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதனை அறிந்தும் முதியோர் பலர் குழி வெட்டிக் கன்று நட்டனர். அன்றாடம் அவர்கள் செய்ததெல்லாம் தண்ணீர் வார்த்ததும் வேலி கட்டியதுமே.

ஆகவே, அன்புடையீர், நாம் ஓர் அணுவிரதம் மேற்கொள்வோம். மகாவிரதம் துறவியர்க்குரியது, நமக்கு அளவு உண்டு. விரும்பிய பணிக்கு நாள்தோறும் அரைமணி நேரத்தை ஒதுக்குவோம். ஒருநாள் தவறினால் விரதமே போயிற்று என்று விட்டுவிடாமல், பிரதிக்கிரமணம் செய்து மறுநாள் தொடர்வோம். தெரியாததைத் தெரிந்தவரிடம், அவர் வயதில் இளையவராயினும், கேட்போம். வீட்டில் ஒருவர் முயலும்போது அவருக்கு விளக்கேற்றி வைப்போம். இயலாவிடில் வழியையேனும் மறிக்காதிருப்போம்.

வீரியம் நம்முள் என்றும் குன்றாது உளது. உமியை நீக்கும் உலக்கை நம் கையில் இருக்கிறது.

வாழ்க அருகன் திருவறம்! வளர்க நல்லோர் முயற்சி!