சிறகின் கீழ் வைத்த கை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பெரியாழ்வார் திருமொழியில் முதற்பத்து முதல் திருமொழியின் ஒன்பதாம் பாசுரத்தை அடியேன் பலமுறை உபந்யஸித்திருக்கிறேன். தொட்டிலில் கிடத்தினால் அது கிழியும்படி உதைக்கிறான். எடுத்துக்கொண்டால் இடுப்பை முறிக்கிறான். இறுகத் தழுவினால் வயிற்றின்மேல் பாய்கிறான் என்று யசோதைப் பிராட்டி முறையிடும் பாசுரம் அது. மிடுக்கு இல்லாமையால் தான் மெலிந்துபோனதாகச் சொல்லி அவள் முடிக்கிறாள். யாருக்கு மிடுக்கு இல்லை? தனக்கு என்று கொண்டால், பிள்ளையின் குறும்பைச் சமாளிக்க மாட்டாமல் அவள் அலுத்துக்கொண்டாள் என்றாகும். பிள்ளைக்கு என்று கொண்டால், இத்தனை துள்ளலையும் தாங்கும் வலிவு இந்தப் பச்சை உடம்புக்கு இல்லையே என்று அவள் உருகினாள் என்றாகும். பாசுரச் சொற்கள் இரண்டுக்கும் இடம் கொடுக்கின்றன. பின்னதே ஆழ்வாருடைய பரிவுக்குச் சேரும் என்று மேடைகளில் அடியேன் சொல்லிவந்தது உண்மை. அந்த மெலிவு எத்தகையது என்று கண்டது, அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழியில் ஒரு கரிசல் கிராமத்தில், ஒரு கோழிப் பஞ்சாரத்தின் அருகில்.

கோழியை அருளிச்செயல் விசாரத்தில் கொண்டுவரலாமோ என்று தயங்க வேண்டா. ஸ்ரீவைஷ்ணவ லக்ஷணம் யாது என்று பட்டர் அனுப்பிய ஒருவர் திருமலையில் வந்து கேட்டபோது, அனந்தாழ்வான் காட்டிய உவமைகளுள் கொக்குக்கு அடுத்தபடியாகக் கோழி நிற்கிறது. குப்பையைக் கிளறி மணியை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்பது அங்கே கருத்து. குஞ்சோடு கூடிய கோழியைக் கவனித்தவர்களுக்கு இன்னும் ஒன்று தெரியும். அது எடுத்த மணியைத் தான் விழுங்குவதில்லை. அலகால் கொத்திக் கொத்திக் கீழே போட்டு, ‘கொக், கொக்’ என்று அழைத்துக் குஞ்சுக்குக் காட்டிக்கொடுக்கும். ஆசார்யர்கள் சாஸ்த்ரங்களைக் கிளறியதும் இவ்வாறன்றோ!

அது தை மாதம். உபந்யாஸத்தின் பொருட்டு அடியேன் தங்கியிருந்த திருமாளிகைக்கு எதிர்வீட்டு அம்மையாரின் நாட்டுக்கோழி அடையில் இருந்தது. அந்தப் பக்கத்தில் இதனை ‘அவயங் காக்கிறது’ என்பார்கள். அச்சொல் அடியேன் செவியில் முதலில் ‘அபயம்’ என்றே விழுந்தது. இதனைச் சொல்லாராய்ச்சியாகக் கொள்ள வேண்டா. ஆயினும் அந்த மயக்கத்தை விட மனம் வரவில்லை. வானம் பார்த்த அந்தப் பூமியில் கம்பும் குதிரைவாலியும் பொய்த்த ஆண்டிலும் கோழி பொய்ப்பதில்லை. அதில் வரும் காசு பெண்களின் சிறுவாட்டுக் காசு; பிள்ளைக்கு நோட்டுப்புத்தகம் அதிலிருந்துதான். ஆகையால் ஒரு குஞ்சு குறைந்தாலும் அவ்வீட்டில் அது கணக்கில் ஏறும்.

21 நாள் கோழி முட்டைமேல் இருக்கிறது. இரைக்காகச் சிறிது நேரம் இறங்குவதன்றி மற்றெல்லாப் பொழுதும் அதன் வயிற்றுச்சூடே முட்டைகளுக்கு உயிர். அலகால் அவற்றைப் புரட்டிப் புரட்டி வைக்கும். ஓடு உடைவதற்கு முன்பே உள்ளிருக்கும் குஞ்சு மெல்லக் குரல் கொடுக்க, தாய் வெளியிலிருந்து மறுகுரல் கொடுக்கும். முகம் காணுமுன்னே குரலால் உறவு ஏற்பட்டுவிடுகிறது. பொரிந்து வெளிவந்த குஞ்சுக்கு முதல் இரண்டு நாள் இரை தேவையில்லை. முட்டையின் மஞ்சட்கருவில் எஞ்சியதை வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டே அது பிறக்கிறது. பசிப்பதற்கு முன்பே உணவு வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு இல்லாதது சூடு. கரிசல் பூமி பகலில் காய்ந்தாலும் தை மாதத்து விடியற்குளிர் ஈரம் உலராத குஞ்சைக் கொன்றுவிடும். மீன் நோக்காலும், ஆமை நினைவாலும், பறவை ஸ்பர்சத்தாலும் தம் குட்டிகளை வளர்க்கும் என்று பெரியோர் கூறும் த்ருஷ்டாந்தத்தில், பறவைக்கு ஸ்பர்சம் என்றது அலங்காரமன்று.

அவ்வம்மையார் வைத்த 11 முட்டைகளில் 8 பொரிந்தன. ஆறு குஞ்சுகள் அன்றே எழுந்து நடந்தன. இரண்டு மட்டும் பிந்திப் பொரிந்தவை; கால் ஊன்றாமல், கழுத்துத் தொங்கிக் கிடந்தன. கோழி அழைத்தது, ஆறும் ஓடிச் சிறகுக்குள் புகுந்தன. இவ்விரண்டும் கத்தவுமில்லை. மறுநாள் கோழி எழுந்து, நடக்கத் தெரிந்தவற்றைக் கூட்டிக்கொண்டு புறப்பட முனைந்தது. கோழியைக் குறை சொல்வதற்கில்லை. ஆறுக்கு இரை தேட வேண்டும்; இரண்டுக்காக ஆறையும் பட்டினி போட அதற்கு இயலாது.

அம்மையார் அப்போது செய்தவை இரண்டு. சோர்ந்த குஞ்சுகளைப் பழந்துணி இட்ட ஓலைப்பெட்டியில் வைத்து, அதைத் தம் மடியில் இருத்திக்கொண்டார். பால் ஊற்றவில்லை, தண்ணீரும் ஊற்றவில்லை. “ஊத்துனா பெரையேறிச் செத்துரும் சாமி” என்றார். விரல் நுனியை நனைத்து அலகின் ஓரத்தில் ஒருமுறை தொட்டதோடு சரி. அந்தி மயங்கிக் கோழி அடங்கியதும், பின்புறமாகக் கைவிட்டு, ஒவ்வொன்றாகச் சிறகின் கீழ் நுழைத்தார். கோழி கொத்திற்று, புறங்கையில் இரத்தம் துளிர்த்தது. கையை இழுத்துக்கொள்ளாமல், குஞ்சு வயிற்றோடு ஒட்டிவிட்டது என்று தெரிந்த பிறகே எடுத்தார். இது ஒன்று. மற்றொன்று, விடிந்ததும் பஞ்சாரத்தைத் திறக்கவில்லை. சிரட்டையில் கூழாங்கல் இட்டுத் தண்ணீரும், பக்கத்தில் கம்பு நொய்யும் உள்ளேயே வைத்துக் கோழியை வெளியே விடாமல் நிறுத்தினார். “ஆத்தா எந்திருச்சுப் போயிட்டா இதுக்கு யாரு சாமி இருக்கா?”

புருஷகாரம் என்பதற்கு இதனினும் தெளிவான உரையை அடியேன் கேட்டதில்லை. பிராட்டி சேதநனை மட்டுமன்றி ஈச்வரனையும் திருத்துகிறாள் என்று ஸ்ரீவசநபூஷணத்தில் பிள்ளை லோகாசார்யர் காட்டுகிறார். வரமாட்டாதவனை எடுத்துச் சேர்ப்பது ஒரு தொழில். எழுந்து போகிறவனை நிறுத்துவது ஒரு தொழில். அக்கைக்குச் சூடு உண்டு, ஆனால் இரவு முழுதும் தாங்கும் சூடு அன்று. அம்மையார் அதனை அறிந்தவர். குஞ்சைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை; கோழியினிடமே சேர்ப்பித்தார். அந்தக் குஞ்சு தன் பங்குக்குச் செய்தது என்ன? எடுத்த கையை அது தள்ளவில்லை. விலக்காமை என்று நம் பூருவர்கள் கூறுவதும் இவ்வளவே. இதனைத் தகுதி என்று எண்ணுவோமானால், தள்ளுவதற்கும் அதற்கு வலிவில்லை என்பதை மறந்தவர்களாவோம்.

எம்பெருமானை நிறுத்தப் பஞ்சாரம் எதற்கு என்று கேட்கலாம். உவமைக்கு ஓர் எல்லை உண்டு. கோழியின் வலிவின்மையை அவனுக்கு ஏற்றுதல் தகாது. அந்தக் கோழியும் நாளை சந்தைக்குப் போவதுதான் என்பதையும் மறைத்துப் பேச அடியேனுக்கு விருப்பமில்லை.

இவ்விடத்தில் மாமுனிகளின் நினைவு வருகிறது. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வ்யாக்யானத்தில் பெரும்பகுதி லுப்தமாய்ப் போக, கிடைத்த பகுதிக்கு முன்னே விடுபட்டதை மட்டும் நிரப்பித் தந்தவர் அவர். அவர் வளர்ந்த சிக்கில் கிடாரமும் இதே வறண்ட சீமையில்தான், இராமநாதபுரத்துப் பக்கம், இருக்கிறது. முழுவதையும் தாமே புதிதாய் எழுத வல்லவர், முன்னோர் உரை எஞ்சியிருந்த இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டார். கொண்டுபோய்ச் சேர்த்தபின் எடுத்துக்கொள்ளப்பட்ட கையன்றோ அதுவும்!

மூன்றாம் நாள் காலை, இரண்டில் ஒன்று எழுந்து நின்றது. ஆடி ஆடி நடந்து, கோழி கொத்திப் போட்ட நொய்யை மூன்றாம் முயற்சியில் எடுத்தது. மற்றொன்று விடியுமுன்னே இறந்துவிட்டது. பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்த அம்மையார் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஒண்ணுபோலத்தான் வச்சேன். இது என்ன சாமி பாவம் செஞ்சுச்சு?” என்று கேட்டார்.

கர்மம் என்று ஒரு சொல்லில் விடை கூறியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தபின் அடியேனுக்கு அது வாயில் வரவில்லை. வராஹ சரம ச்லோகத்தின் பொருளைச் சொன்னேன். உடலும் மனமும் நன்றாயிருக்கையில் தன்னை நினைத்த ஒருவன், முடிவில் கட்டையும் கல்லுமாய்க் கிடந்து நினைக்க மாட்டாமல் போகும்போது, நான் அவனை நினைக்கிறேன் என்று பூமிப் பிராட்டிக்கு எம்பெருமான் சொன்ன வார்த்தை அது.

“நம்ம நினைக்காட்டியும் அவரு நினைப்பாராக்கும்?” என்றார். ஆம் என்றேன். “இது முட்டைக்குள்ள கெடக்கையில கத்துச்சு சாமி. கோழி பதில் குடுத்துச்சு. நான் கேட்டேன்.”

இறந்த குஞ்சைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, வேலியோரம் குழி தோண்டப் போனார். போகும்போது, அடியேனிடம் சொல்வதுபோலவும் தமக்கே சொல்லிக்கொள்வதுபோலவும், “வெறுந்தரையில சாகல. சிறகுக்குக் கீழதான் கெடந்துச்சு. தொட்டப்பக்கூட சூடா இருந்துச்சு” என்றார்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.