தொப்பிக்கு ஒரு வணக்கம்

பட்டுச்சேலை ஆரணி இல்லை. பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், ஆற்றின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட ஆரணி. வெயிலுக்குப் பயந்து ஒருநாள் என் பழைய ஃபெல்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு அங்கே பேருந்துக்கு நின்றேன்.

"என்ன சார், ஷூட்டிங்கா?" என்றார் டீக்கடைக்காரர். ஒரு பாட்டி, துரைக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கினார். பேருந்தில் கண்டக்டர் மீதிச் சில்லறையைக் கேட்காமலேயே கொடுத்தார். இது நிச்சயம் தொப்பியின் சாதனைதான்! அதே நிறுத்தத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட் போகும் கம்பெனி வேனுக்காக மஞ்சள் ஹெல்மெட்டும் கையுமாக நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தலையில் இருப்பதை வைத்தே ஆளை எடைபோடும் இந்தப் பழக்கத்தை நம்பித்தான் 1928 டிசம்பரில் பகத்சிங் லாகூர் போலீஸிடமிருந்து தப்பினார். அவர்கள் தேடியது தலைப்பாகை கட்டிய சீக்கிய இளைஞனை. தாடி மழித்து, முடி வெட்டியிருந்த அவரோ தொப்பியும் ஓவர்கோட்டுமாக, துரை தோரணையில் ரயிலின் முதல் வகுப்பில் ஏறினார். உடன் வந்த துர்காவதி தேவி மனைவியாக நடித்தார்; தோழர் ராஜகுரு வேலைக்காரர் வேஷத்தில் இருந்தார். தொப்பிக்காரரை நிறுத்தி விசாரிக்க எந்தப் போலீஸ்காரருக்கும் தோன்றவில்லை.

சில மாதம் கழித்து, 1929இல், தில்லியில் தொப்பியோடு அவர் எடுத்துக்கொண்ட படம்தான் இன்று நம் ஊர்ச் சுவர்களில் நாம் பார்க்கும் பகத்சிங்.