பிடித்து விடுவது அருளாகுமா?

உயிரைக் கொல்லாதிருப்பதும் அதனைத் துன்புறுத்தாதிருப்பதும் ஒன்றல்ல. திருக்குறளில் இன்னாசெய்யாமைக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் அடுத்தடுத்துத் தனித்தனியே அமைந்திருப்பது எண்ணத்தக்கது. இப்பகுப்பின் நுட்பம், இக்காலத்து மீன்பிடி விளையாட்டு ஒன்றை ஆராயுங்கால் நன்கு விளங்கும்.

வெப்பமண்டலக் கடலோரங்களில் தூண்டிற்காரர்களுக்கென்றே விடுதிகள் எழுந்துள்ளன. இறகையும் நூலையும் முள்ளிற் கட்டிப் பூச்சிபோலவும் சிறுமீன்போலவும் செய்த பொய்யிரையை வீசி, செல்வர்கள் அங்கே மீன் பிடிக்கின்றனர். பிடித்த மீனை அவர்கள் உண்பதில்லை. நனைத்த கையால் ஏந்தி, முள்ளை மெல்லக் கழற்றி, மீண்டும் நீரில் விட்டுவிடுகின்றனர். மத்திய அமெரிக்க நாடாகிய பெலிஸ், 2009ஆம் ஆண்டில் மூவகை மீன்களைத் தூண்டிலிற் பிடிப்போர் அவற்றை விட்டுவிடவே வேண்டும் என்று சட்டம் இயற்றியது. ஒருமுறை கொன்றால் ஒருநாள் விலை. உயிரோடு விட்டால் ஆண்டுதோறும் வருவாய். அவ்வருவாய் கருதி, மீன் வளரும் அலையாத்திக் காடும் அழியாமல் நிற்கும் என்பது அதன் ஆதரவாளர் வாதம்.

சுவிட்சர்லாந்தோ இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தது. 2008ஆம் ஆண்டில் அந்நாடு வகுத்த விலங்குப் பாதுகாப்பு விதிகள், விட்டுவிடும் எண்ணத்துடனேயே மீன் பிடிப்பதைத் தடை செய்தன. உண்பதற்காகப் பிடிப்பதில் ஒரு தேவை உண்டு. விளையாட்டுக்காக முள்ளில் மாட்டித் துடிக்கவைப்பதில் என்ன தேவை என்பதே அங்கு எழுந்த வினா. மீன்களுக்கு ஊறு உணரும் நரம்புகள் உண்டென 2003இல் பிரிட்டனில் வெளியான ஆய்வும் காட்டியிருந்தது. நெடுநேரம் போராடிக் களைத்த மீன், விடப்பட்ட பின்னரும் இறப்பதுண்டு. ஒரு நாடு விடுவதைக் கட்டாயமாக்குகிறது. மற்றொரு நாடு விடுவதற்காகப் பிடிப்பதையே குற்றமாக்குகிறது. இரண்டும் உயிர்நலத்தின் பெயராலேயே பேசுகின்றன. முன்னது கொல்லாமையை நோக்கியது. பின்னது இன்னாசெய்யாமையை நோக்கியது.

இவ்வழக்கைக் கோல சிலாங்கூரின் ஆற்றங்கரையில் நிறுத்திப் பார்த்தால், மூன்றாவது தரப்பொன்றும் தோன்றும். மலேசியக் கழிமுகங்களில் வாழும் சியாகாப் என்னும் கொடுவா மீன், பெரும்பாலும் ஆணாகவே முதிர்ந்து, பருத்த பின்னர்ப் பெண்ணாக மாறும் இயல்புடையது. ஆகவே மிகப் பெரிய மீனைக் கொல்பவன் பெரும்பாலும் ஒரு தாயையே கொல்கிறான். அதனை விட்டுவிடுவதில் அறிவு உண்டு. வருங்காலம் பற்றிய பொறுப்பும் உண்டு.

ஆனால், புக்கிட் ரோத்தான் முதலிய வட்டாரத் தோட்டங்களில் வேலை முடிந்து, கால்வாயோரம் தூண்டிலிட்டு, கிடைத்த விராலையும் கெளிற்றையும் குழம்புக்குக் கொண்டுசென்ற பாட்டாளியை என்னென்பது? அவன் கொன்றான். எனினும் பிள்ளைகளின் பசிக்காகக் கொன்றான். வேண்டிய அளவே கொண்டான். இன்னாசெய்யாமையும் கொல்லாமையும் துறவறவியலில் வைக்கப்பட்டுள்ளன என்பதையும் இங்கு நினைத்தல் தகும். துறவியின் அளவுகோலால் ஏழை இல்லறத்தானை அளந்து, அதே அளவுகோலைச் செல்வனின் பொழுதுபோக்குக்கு முன் மறைத்து வைப்பது நீதியாகாது. விடுகின்றவன் கை தூயது, உண்கின்றவன் கை கறைபட்டது என்னும் தீர்ப்பு அவசரத் தீர்ப்பேயாகும்.

மீனுக்கு நேரும் பெருங்கேடு தூண்டிலால் மட்டும் வருவதன்று. கம்போங் குவாந்தானின் மின்மினிகள் இதனைத் தெளிவாக உணர்த்துகின்றன. அங்கே துடுப்புப் படகிற் சென்று, பெரெம்பாங் மரங்களில் அவை ஒருசேர ஒளிர்வதைக் காண்போர் எதையும் பிடிப்பதில்லை. எதையும் விடவேண்டியதும் இல்லை. இருந்தும் அப்பூச்சிகளுக்கு ஆபத்து நீங்கவில்லை. மரத்தில் ஒளிரும் மின்மினியின் இளம்புழு, கரையின் ஈரநிலத்தில் நத்தைகளைத் தின்றே வளர்கிறது. கரையைத் திருத்திச் செம்பனை நட்டால், மரம் சில எஞ்சினாலும் ஒளி எஞ்சாது. அலையாத்திக் காடும் சதுப்பும் உள்ளிட்ட பகுதி 1987இல் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவாக ஆக்கப்பட்டதன் பொருள் இதுவே: உயிரைக் காப்பது என்பது அதன் உறைவிடத்தைக் காப்பதாகும்.

அக்காப்பின் சுமையை யார் தாங்குவது? காட்டை அழித்துக் கால்வாய் வெட்டிய கைகள் பாட்டாளியின் கைகள். ஆணையும் ஆதாயமும் பிறருடையவை. இன்று காக்கும் காலம் வந்தபோது, அவன் தூண்டிலை மட்டும் தடுத்துவிட்டு, ஆற்றிற் கலக்கும் கழிவையும் கரையை விழுங்கும் பேராசையையும் காணாதிருப்பது பாதுகாப்பாகாது. வலியவனுக்கு வேட்டைக்களம் ஒதுக்கித் தருவதேயாகும்.

ஆகவே, பிடித்து விடுவது அருளாகுமா என்னும் வினாவுக்கு விடை இதுவாகலாம். அது அருளன்று, அடக்கம். அடக்கமும் நல்லதே, கொன்று குவிப்பதினும் உயர்ந்ததே. ஆயினும், தான் கொடுத்த துன்பத்தைத் தானே நீக்கிவிட்டு அதற்குக் கருணையெனப் பெயரிடுவது பொருந்தாது. மீனைக் கையிலிருந்து விடுவதோடு அறம் நிறைவதில்லை. அது திரும்பிச் செல்லத் தூய நீரும், அந்நீரை நம்பி வாழும் எளிய குடிக்கு உரிமையும் இருக்கும்போதே அருள் தொடங்குகிறது.